ஒரே சாரத்தில் இரண்டு கூலி

சென்ற மாதம் கானாடுகாத்தானில் நாங்கள் பழுது பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பழைய வீட்டின் முகப்பில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், எங்கள் பகுதிக் கொத்தனார்கள் நான்கு பேர் வந்து என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். காரைக்குடி வட்டாரத்தில் கட்டட ஒப்பந்தம் எடுப்பவர்கள் இனி வடமாநில ஆட்களை வேலைக்கு வைக்கக் கூடாது, ஏற்கெனவே இருப்பவர்களை ஆறு மாதத்துக்குள் அனுப்பிவிட வேண்டும், இதற்குச் சம்மதித்து ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. கீழே முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. அவர்களில் பாதிப் பேரோடு நான் ஒரே சாரத்தில் நின்று வேலை பார்த்திருக்கிறேன். வந்தவர்களில் மூத்தவர் எனக்குக் கரணை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர், இன்றும் நான் அவரை அண்ணன் என்றுதான் அழைக்கிறேன். "தம்பி, நீயும் வெளிநாட்டுல கெடந்து வந்தவன். உனக்குத் தெரியாததா? கையெழுத்தப் போடு" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். கையெழுத்திடவில்லை, இடப் போவதும் இல்லை. ஆனால் அண்ணன் சொன்னது தவறு என்று சொல்லிவிட்டுப் போகவும் என்னால் முடியவில்லை. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல எங்கள் வீட்டின் மூன்று தலைமுறைக் கதையையும் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

முதலில் அண்ணனின் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு காலை ஏழு மணிக்கு ஆட்கள் கூடும் முக்கில் அவர் போய் நின்றால், ஒப்பந்தக்காரர்கள் தேடி வந்து கூலி பேசுவார்கள். இன்று வாரத்தில் மூன்று நாள்தான் அவருக்கு வேலை. எங்கள் பகுதியில் கொத்தனாருக்கு நாள் கூலி 1,100 ரூபாய் போகிறது. வடக்கிலிருந்து வந்த கொத்தனார் 800 ரூபாய்க்கு வருகிறார். கூலியைக் கூட்டிக் கேட்டால், "நீங்க வேண்டாம், பத்துப் பேர் நாளைக்கு ரயில் ஏறி வர்றான்" என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். விலைவாசி ஏறிய அளவுக்குக் கூலி ஏறவில்லை என்பதும், ஏறாததற்கு அந்த ரயில் ஒரு காரணம் என்பதும் அவர் கண்ணால் பார்த்த உண்மை. இதை வெறுப்பு என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவது, தன் பிழைப்பைப் பற்றித் தானே பேசும் ஒரு மனிதனை வாயை மூடச் சொல்வதற்குச் சமம்.

ஆனால் இதே வாதத்தை, இதே கோபத்தோடு, வேறொரு மொழியில் என்னைப் பார்த்து ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1996ஆம் ஆண்டு நான் சிங்கப்பூர் போனேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் சொல்வதுபோல 'ஸ்கில் அடித்துவிட்டு'ப் போனேன். அதாவது கட்டுமானத் தொழில் தெரியும் என்பதற்கான தேர்வை இங்கேயே எழுதித் தேறிவிட்டுப் போனேன். ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்துக்காக வீட்டு நிலம் ஒத்திக்குப் போனது. இந்தியச் சட்டப்படி, பதிவு பெற்ற ஏஜெண்ட் வெளிநாட்டு வேலைக்காக வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு இன்றைய உச்சவரம்பு 30,000 ரூபாய், வரி தனி. அந்தத் தொகையோடு விமானம் ஏறிய ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. அங்கே எனக்கு நாளுக்கு 16 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். முதல் ஒன்றரை ஆண்டுச் சம்பாத்தியம் கடனுக்கே போயிற்று.

அந்தக் கட்டடத்தில் உள்ளூர்ச் சீனப் பெரியவர் ஒருவர் தரைக்கல் ஒட்டிக்கொண்டிருந்தார். எங்களில் யாரோடும் அவர் பேச மாட்டார்; தன் ரசமட்டத்தைத் தொட விட மாட்டார். பல மாதங்கள் கழித்து ஒரு மழை நாளில், வேலை நின்று எல்லோரும் ஒதுங்கியிருந்தபோது, எனக்கு எவ்வளவு சம்பளம் என்று கேட்டார். சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் மகன் ஏன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை என்று எனக்குப் புரிகிறதா என்று கேட்டார். அவருடைய நாள் கூலி என் கூலியைப்போல ஐந்து மடங்கு; இருந்தாலும் பல ஆண்டுகளாக அது ஒரு வெள்ளிகூட ஏறவில்லை. நீ பதினாறுக்கு வருகிறாய், எனக்கு யார் கூட்டிக் கொடுப்பார்கள் என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. வயிற்றில் ஏதோ பிசைந்தது. கோபமும் வந்தது: பதினாறு வெள்ளி நான் கேட்டு வாங்கியது இல்லையே.

அந்தப் பதினாறு வெள்ளியை எது தீர்மானித்தது என்று புரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று. சிங்கப்பூர் அரசு தன் மக்களின் வேலையைக் காப்பதற்குப் பல வேலிகளைப் போட்டிருக்கிறது. வெளிநாட்டு ஆள் ஒருவரை வைத்திருப்பதற்கு முதலாளி அரசுக்கு மாதந்தோறும் லெவி கட்ட வேண்டும். கட்டுமானத் துறையில் இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வரும் ஆளுக்கு, 2024 ஜனவரி முதல், தொழில் தேர்ச்சி கூடியவராக இருந்தால் 500 வெள்ளி, குறைந்தவராக இருந்தால் 900 வெள்ளி. முழுநேர உள்ளூர் ஊழியர் ஒருவருக்கு ஏழு வெளிநாட்டவர் வரை வைக்கலாம் என்றிருந்த விகிதத்தை அதே நாளில் ஐந்தாகக் குறைத்தார்கள். வெளிநாட்டு ஆளை விலை கூடியவராக்கினால் உள்ளூர் ஆளுக்கு வேலை கிடைக்கும் என்பதுதான் கணக்கு. ஆனால் அந்தத் தொகை அரசுக்குப் போகிறதே தவிர, தொழிலாளியின் கைக்கு வருவதில்லை. லெவியைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று அந்த ஊர்ச் சட்டம் சொல்கிறது, உண்மைதான். ஆனால் ஓர் ஆளுக்கு மொத்தம் இவ்வளவுதான் செலவு செய்வேன் என்று முதலாளி முடிவு செய்துவிட்டால், அந்தத் தொகையில் லெவி போக மிஞ்சுவதுதான் சம்பளமாகிறது.

இன்னொன்றும் உண்டு. அங்கே வேலை செய்வதற்கான பெர்மிட் ஒரே முதலாளியின் பெயரில் இருக்கும். நான் வேலை பார்த்த முதல் நிறுவனம் இரண்டு மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. மூன்றாவது மாதம் நாங்கள் ஆறு பேர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டோம். அங்கிருந்தவர் சத்தம்கூடப் போடவில்லை. பெர்மிட்டைக் கேன்சல் செய்துவிட்டு டிக்கெட் போடட்டுமா என்று மட்டும் கேட்டார். ஊரில் நிலம் ஒத்தியில் இருக்கும்போது அந்தக் கேள்விக்கு எவன் ஆமாம் என்பான்? திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தோம். பெர்மிட் முடியும் தறுவாயில் முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கட்டுமான நிறுவனத்துக்கு மாறலாம் என்று பிற்காலத்தில் வழி செய்தார்கள். என் காலத்தில் அது இல்லை. அந்த உள்ளூர்ப் பெரியவர் கூலி பிடிக்கவில்லை என்றால் மறுநாளே வேறு இடம் போகலாம். நான் போக முடியாது. போக முடியாத ஆளைத்தான் பதினாறு வெள்ளிக்கு வைத்திருக்க முடியும்.

அமெரிக்கா போகும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கதையும் இதிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. ஆண்டுக்கு 65,000, அங்கேயே முதுகலை படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000 என்று, வெளிநாட்டவர் அங்கே வேலைக்குப் போகும் எச்-1பி விசாவுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் விண்ணப்பத்துக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அந்நாட்டு அதிபர் அறிவித்தபோது, காரைக்குடியில் எத்தனையோ வீடுகளில் அன்றிரவு தொலைபேசி ஓயவில்லை. அந்த விசாவிலும் வேலை போனால் கையில் இருப்பது 60 நாள். சம்பளம் நூறு மடங்கு கூடினாலும் முடிச்சு அதே முடிச்சுதான்.

எங்கள் பகுதிக்கு மிக நெருக்கமானது சமையல் தொழில். சிங்கப்பூரில் சேவைத் துறைக்கான வொர்க் பெர்மிட் இந்தியர்களுக்குக் கிடையாது என்றே நீண்ட காலம் இருந்தது. செட்டிநாட்டுச் சமையல் என்று பலகை வைத்த உணவகங்கள் செட்டிநாட்டிலிருந்து அந்தப் பெர்மிட்டில் ஒரு சமையல்காரரை அழைத்துக்கொள்ள முடியவில்லை. 2023 செப்டம்பரில்தான் இந்திய உணவகச் சமையல்காரர்களுக்கு அந்த வாசல் திறந்தது. திறந்தபோது போட்ட நிபந்தனைதான் எனக்குப் பிடித்தது: குறைந்தது 2,000 வெள்ளி நிலையான மாதச் சம்பளம் தர வேண்டும். எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. மலேசியாவில் இதே கேள்வி வேறு விதமாகப் போயிற்று. பினாங்கு மாநிலம் தன் தெருவோரக் கடைகளின் புகழ்பெற்ற உணவு வகைகளை வெளிநாட்டவர் சமைக்கக் கூடாது என்று 2016 முதல் தடை செய்தது. 2018 ஜூனில் அந்நாட்டு மனிதவள அமைச்சர் எம். குலசேகரன், 2019 ஜனவரியிலிருந்து உணவகங்கள் உள்ளூர்ச் சமையல்காரர்களையே வைக்க வேண்டும் என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கினார். தடுத்தவர் ஒரு தமிழர், தடைபட இருந்தவர்களில் தமிழர்கள் பலர், ஆள் இல்லாமல் தவித்த உணவக முதலாளிகளும் தமிழர்கள். இந்தப் பிரச்சினையை இனத்தின் பெயரால் பிரித்துப் பேச முயன்றால் மூன்றாவது வாக்கியத்திலேயே அது கையை விட்டு நழுவிவிடும். முடிதிருத்தும் கடைகளுக்கு வெளிநாட்டு ஆள் எடுப்பதை 2009இல் நிறுத்திய அதே நாடு, 2023இல் மீண்டும் அனுமதித்தது. இடைப்பட்ட காலத்தில் அந்தத் தொழிலுக்குப் போன உள்ளூர் இளைஞர்கள் போதவில்லை.

இதற்கெல்லாம் முந்தையது என் பாட்டனாரின் கதை. அய்யா 1936இல், பத்தொன்பது வயதில், ஒரு செட்டியார் கடைக்குச் சமையல் எடுபிடியாக ரங்கூன் போனார். மொகல் தெருவில் கிட்டங்கி, அதாவது செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய கட்டடம். ஒரே கூடத்தில் பல கடைகளின் பெட்டியடிகள் (பணப்பெட்டி வைத்து உட்காரும் இடங்கள்) வரிசையாக இருக்கும், முன்புறம் லேவாதேவி, பின்புறம் சமையல் என்று அவர் சொல்வார். மேலாள் முதல் அடுப்படிப் பையன் வரை எல்லோரும் இங்கிருந்து போனவர்கள். மூன்று வருடக் கணக்குக்குச் சம்பளம் பேசிப் போவார்கள், கணக்கு முடிந்தால் திரும்புவார்கள், வேறு ஆள் போவார்.

அய்யா போவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 1930 மே மாதத்தில், ரங்கூன் துறைமுகத்தில் நடந்ததை அங்கிருந்த மூத்த சமையல்காரர் ஒருவர் அவருக்குச் சொல்லியிருக்கிறார். நானும் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். கப்பல்களில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையைத் தெலுங்குத் தொழிலாளர்கள் செய்துவந்தார்கள். கொரிங்கா துறைமுகத்தின் பெயரால் அவர்களைக் கொரிங்கிகள் என்பார்கள். கூலி உயர்வு கேட்டு அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சரக்கு ஒப்பந்தக்காரர்கள் அந்த இடத்துக்கு பர்மிய ஆட்களைக் கொண்டுவந்து வேலையை நடத்தினார்கள். சில நாளில் சமரசம் ஏற்பட்டது. கொரிங்கிகளுக்குக் கொஞ்சம் கூலி கூடியது. மே 26 காலையில் பர்மியத் தொழிலாளர்கள் வழக்கம்போல வேலைக்கு வந்தபோது, இனி நீங்கள் தேவையில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வேலை கிடைத்தவர்களும் இழந்தவர்களும் துறைமுக வாசலில் எதிர்ப்பட்டார்கள். அங்கே தொடங்கிய கலவரம் நகரம் முழுவதும் பரவி, நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியக் கூலிகள்.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பர்மியருக்கு வேலை வேண்டும், தெலுங்கருக்கு நியாயமான கூலி வேண்டும். இரண்டு கோரிக்கைகளும் சரியானவை. ஒருவரைக் காட்டி மற்றவரின் கூலியை அடக்கி, பிறகு மற்றவரைக் காட்டி இவரை வெளியே தள்ளியவர்கள் அந்தத் தெருவிலேயே இல்லை. அரிவாள் விழுந்தது கூலிக்காரன் தலையில்.

எங்கள் செட்டிநாட்டைச் சேர்ந்தவன் என்ற முறையில் இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலங்கள் செட்டியார் கடைகளின் பெயருக்கு மாறின. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த அவர்களின் நிலம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 25 விழுக்காடாகிவிட்டது. நிலத்தை வைத்து விவசாயம் செய்யும் ஆசை அவர்களுக்கு இருக்கவில்லை, கடனுக்கு ஈடாக வந்த நிலம் அது என்பது உண்மை. ஆனால் நிலம் இழந்தவனுக்கு அந்த விளக்கம் எதற்கு உதவும்? அந்தக் கோபம் 1938 ஜூலைக் கலவரத்தின்போதும் தெருவில் நின்றது. கிட்டங்கிக் கதவு நான்கு நாள் திறக்கவில்லை, சோற்றுக்குப் புளித்தண்ணீர்தான் என்று அய்யா சொல்வார். இந்தியர் குடியேற்றத்தைப் பற்றி ஆராய பாக்ஸ்டர் என்பவரை அரசு அமர்த்தியது. 1941இல் இந்தியாவும் பர்மாவும் குடியேற்ற ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டு, வரும் ஆட்களுக்குப் பெர்மிட்டும் கட்டணமும் விதித்தன. அது முழுமையாக நடைமுறைக்கு வருவதற்குள் ஜப்பான் குண்டு போட்டுவிட்டது. 1942இல் அய்யா புரோம் வழியாக அரக்கான் மலையைத் தாண்டி, அக்யாபில் படகு ஏறி, சிட்டகாங் வந்து சேர்ந்தார். கூடப் புறப்பட்ட ஏழு பேரில் வந்து சேர்ந்தவர் மூவர். ஊருக்கு வந்த பிறகும் அவர் பர்மியர்களைத் திட்டி நான் கேட்டதில்லை. "அவனும் வேலைக்குத்தானே நின்னான்" என்பார்.

இலங்கையில் நடந்தது அனைவருக்கும் தெரியும். 1939இல் அந்நாட்டு அரசு இந்திய நாள்கூலிகளை வேலையிலிருந்து நீக்கியது. இந்தியா பதிலுக்கு அங்கே கூலியாட்கள் போவதைத் தடை செய்தது. 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாகக் கணக்குப் பேசினார்கள். 1968இல் மலேசியா குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயம் என்று சட்டம் போட்டபோது, பல ஆண்டுகள் ரப்பர்க் காட்டில் உழைத்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். காரைக்குடியில் பர்மா காலனி என்று ஒரு பகுதியே இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி ஆட்டோ ஏறுகிற ஊரில்தான் இந்தத் தாள் என் கைக்கு வந்தது.

இப்போது என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். 2019 முதல் நான்கு ஆண்டுகள், என்னிடம் வேலை பார்த்த வடமாநிலக் கொத்தனார்களுக்கு எங்கள் ஊர்க் கொத்தனாரைவிட 250, 300 ரூபாய் குறைத்தே கூலி கொடுத்தேன். எல்லோரும் கொடுக்கிற கூலி அதுதான், அவர்களும் சம்மதித்துத்தான் வருகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் முதல் முதலாளியும் இதையேதான் தனக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.

"வடக்கத்திப் பசங்க லீவு போட மாட்டாங்க, ஞாயித்துக்கிழமையும் நிப்பாங்க, நம்ம ஆளுக மாதிரி காதுகுத்து, கருமாதின்னு கெளம்ப மாட்டாங்க" என்று ஒப்பந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் கேட்கலாம். நானும் சொல்லியிருக்கிறேன். அவர்கள் லீவு போடாததற்குக் காரணம் இங்கே அவர்களுக்குக் காது குத்த அக்காள் மகன் இல்லை, தூக்கிப் போக இழவு இல்லை. சிங்கப்பூரில் நானும் ஞாயிற்றுக்கிழமை 'ஓடி', அதாவது கூடுதல் நேர வேலை, பார்த்தேன். டார்மிட்டரிக் கட்டிலில் படுத்து விட்டத்தைப் பார்ப்பதைவிட அது மேல் என்பதால் பார்த்தேன். என்னை அங்கே சுறுசுறுப்பானவன் என்றார்கள். அதே நான் ஊருக்கு வந்து, தங்கை மகள் சடங்குக்கு மூன்று நாள் வேலைக்குப் போகாமல் இருந்தபோது சோம்பேறியாகிவிடவில்லை. ஒரு மனிதனுக்கு ஊரும் உறவும் இருக்கும் இடத்தில் அவன் உழைப்பின் விலை ஒன்றாகவும், இல்லாத இடத்தில் வேறாகவும் இருப்பதை நாம் இனத்தின் குணம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

2023 மார்ச் மாதம், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. ஹோலிக்குச் சில நாள் முன்பு. என்னிடம் இருந்த ஒன்பது பேரும் ஓர் இரவு முழுவதும் தூங்காமல், வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காலையில் நான் போனபோது ஒரு பையன் தன் கைபேசியைக் காட்டினான். அதில் ஓடிய சண்டை எங்கோ, எதற்கோ நடந்தது. காவல்துறை மறுத்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது, வதந்தி பரப்பியவர்கள் மீது வழக்குகள் பதிவாயின. இருந்தாலும் நான்கு பேர் அன்றே கிளம்பிவிட்டார்கள். அந்தச் சாத்திய கதவைப் பார்த்தபோது எனக்கு அய்யாவின் கிட்டங்கிக் கதவு நினைவுக்கு வந்தது. அதே பர்மாத் தேக்கு என்பது கூடுதல் வேதனை. அடுத்த மாதத்திலிருந்து கூலியைச் சமமாக்கினேன்.

சமமாக்கிய பிறகு என்ன நடந்தது என்பதை மெருகு பூசாமல் சொல்கிறேன். என்னிடம் இருந்த வெளி ஆட்கள் ஒன்பதிலிருந்து நான்காகக் குறைந்தார்கள். ஒரே கூலி என்றால் பேச்சுப் புரிகிற ஆளை வைப்பதுதானே எளிது. ஐந்து பேரின் வேலை போனதற்கு என் நல்லெண்ணமே காரணம் என்பதை நான் மறக்கவில்லை. அதே சமயம், நின்ற நான்கு பேரும் தொழிலுக்காக நிற்கிறார்கள். அவர்களில் மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத் பையன் ஒருவன் செட்டிநாட்டுப் பூச்சு கற்றுக்கொள்கிறான். அரைத்த சுண்ணாம்பைக் கட்டுக்கட்டாக ஏற்றி, கடைசிக் கட்டில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, ஈரம் காய்வதற்கும் காயாமல் இருப்பதற்கும் இடைப்பட்ட அந்தக் கொஞ்ச நேரத்தில் வழவழப்பான கல்லால் தேய்க்க வேண்டும். கை முன்னதாகப் போனால் பூச்சு கலங்கும், பிந்தினால் மினுக்கம் வராது. எப்போது தொடங்குவது என்பதைச் சுவரில் புறங்கையை வைத்துத்தான் சொல்ல முடியும். அதைச் சொல்லிக்கொடுக்க எங்களிடம் இருப்பவர் அண்ணன்தான். அவர் முதலில் மறுத்தார். "நான் இவனுக்குச் சொல்லிக் குடுத்தா நாளைக்கு எனக்கு யாரு வேலை குடுப்பா?" என்றார். அவனுக்கும் உங்களுக்கும் ஒரே கூலிதான், உங்களை நிறுத்திவிட்டு அவனை வைத்தால் எனக்கு ஒரு ரூபாய் லாபம் இல்லை என்றேன். ஒரு வாரம் கழித்து, பேசாமல் போய் அந்தப் பையனின் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தார்.

அதே அண்ணன்தான் தாளைக் கொண்டுவந்தவர். இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. என் வேலையிடத்தில் கூலி ஒன்று. அவர் வாரத்தில் மற்ற நாட்களில் போய் நிற்கும் முக்கில் கூலி இரண்டு.

வெளிமாநில ஆட்களைத் தடுக்கச் சட்டத்தில் வழி உண்டா என்றும் கேட்கிறார்கள். மாதம் 30,000 ரூபாய்க்கு உட்பட்ட தனியார் வேலைகளில் 75 விழுக்காட்டை உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கி ஹரியானா ஒரு சட்டம் போட்டது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு எதிரானது என்று ரத்து செய்தது. கர்நாடகம் 2024 ஜூலையில் அமைச்சரவை ஒப்புதல் வரை போய் நிறுத்திவைத்தது. நாட்டின் எந்தப் பகுதியிலும் போய் வாழவும் தொழில் செய்யவும் குடிமகனுக்கு அரசியலமைப்பு உரிமை தருகிறது. முர்ஷிதாபாத் பையன் கானாடுகாத்தானில் இருப்பது நான் சிங்கப்பூரில் இருந்ததைப் போன்றது இல்லை. ஆனால் யாரும் எடுத்துப் பேசாத வேறொரு சட்டம் 1979 முதல் இருந்தது. மாநிலம் விட்டு மாநிலம் அழைத்துவரப்படும் தொழிலாளிக்கு, அதே வேலை செய்யும் உள்ளூர்த் தொழிலாளியின் கூலியைவிடக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. ஐந்து பேரோ அதற்கு மேலோ அழைத்துவரும் ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டும் என்றும் இருந்தது. அது இப்போது புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. இத்தனை ஆண்டுகளில் அந்தச் சட்டத்தின் பெயரால் யாராவது என் வேலையிடத்துக்கு வந்து கூலிப் பதிவேட்டைக் கேட்டிருந்தால், நான் நான்கு ஆண்டுகள் குறைத்துக் கொடுத்திருக்க முடியாது. அண்ணனும் தாளோடு அலைந்திருக்க மாட்டார்.

ஆகவே அவர்கள் கொடுத்த தாளின் பின்பக்கத்தில் நான் வேறொன்றை எழுதி, சென்ற ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். எந்த ஊர் ஆளாக இருந்தாலும் கொத்தனாருக்கு ஒரு கூலி, நிமிந்தாளுக்கு ஒரு கூலி, சித்தாளுக்கு ஒரு கூலி. குறைத்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரரிடம் இரண்டு தரப்பும் வேலைக்குப் போவதில்லை. கூட்டம் நடக்கும்போது வடமாநில ஆட்கள் இரண்டு பேராவது அதில் உட்கார வேண்டும். இதுதான் நான் எழுதியது. அதில் என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். அண்ணன் இரண்டு முறை படித்தார். "அவனுகளையும் கூட்டத்துல உக்கார வைக்கணுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மற்றவர்களிடம் கேட்க வேண்டும் என்றார். கிளம்பும்போது, மூத்த பேரன் ஸ்கில் தேர்வுக்குப் பணம் கட்டியிருப்பதாகவும், அங்கே இப்போது அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பேசி வாங்க வேண்டும், பெர்மிட் தாளில் என்னென்ன பார்க்க வேண்டும் என்றும் கேட்டார். அரை மணி நேரம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு பக்கமும் எழுதிய அந்தத் தாள் இப்போது அவரிடம் இருக்கிறது. நேற்று பள்ளத்தூரில் ஒரு வீட்டுக்கு மதிப்பீடு கொடுத்தேன். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். இன்னொரு ஒப்பந்தக்காரர் இரண்டு லட்சம் குறைத்துச் செய்வதாகச் சொல்கிறாரே, உங்களால் முடியாதா என்று கேட்டார்கள். அந்த இரண்டு லட்சம் எந்த வரியிலிருந்து குறைகிறது என்று எனக்குத் தெரியும். கூலிக் கணக்கை ஆள் வாரியாகத் தனியாக எழுதி, இன்று காலை அனுப்பியிருக்கிறேன்.